ஓட்டை எப்படி எண்ணுவது?

போன இதழில் கென்னத் ஆரோ என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவர் பொருளாதார நிபுணர் என்கிறீர்கள், ஆனால் தேர்தலை ஆராய்ந்தார் என்கிறீர்கள். விலைவாசிக்காரருக்கு ஓட்டுப்பெட்டியில் என்ன வேலை?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி. முப்பத்தொரு வருஷம் பொருளாதாரம் நடத்தியவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

கையில் இருக்கிற நூறு ரூபாய்க்குக் காய்கறி வாங்குவதா, சினிமாவுக்குப் போவதா என்பது ஒருவர் எடுக்கிற முடிவு. அதைப் பொருளாதாரம் ரொம்ப காலமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஊர்ப் பணத்தில் பாலம் கட்டுவதா, பள்ளிக்கூடம் கட்டுவதா? இங்கே பலர் இருக்கிறார்கள், முடிவு ஒன்றுதான். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு வரிசை இருக்கும். அத்தனை வரிசைகளையும் சேர்த்து ‘ஊரின் விருப்பம்’ என்று ஒன்றை எடுக்க வழி உண்டா? ஆரோ எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் சீக்கிரம் புரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் துறைச் சுற்றுலா உண்டு. ஒரு வருஷம் கொடைக்கானல், தஞ்சாவூர், ராமேஸ்வரம் என மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன. மாணவர்கள் 35 பேர். பிடித்த ஒன்றை மட்டும் எழுதாமல், மூன்றையும் வரிசைப்படுத்தி எழுதச் சொன்னேன். ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாள்களில் எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் வகுப்பு மூன்று கட்சியாக இருந்தது. 15 பேருக்குக் கொடைக்கானல், பிறகு தஞ்சாவூர், கடைசியில் ராமேஸ்வரம். 12 பேருக்கு ராமேஸ்வரம், தஞ்சாவூர், கொடைக்கானல். மீதி 8 பேருக்குத் தஞ்சாவூர், ராமேஸ்வரம், கொடைக்கானல்.

நம் சட்டமன்றத் தேர்தல் மாதிரி முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 15 ஓட்டோடு கொடைக்கானல் ஜெயிக்கிறது. கடைசியில் நிற்கும் தஞ்சாவூரை விலக்கி, அந்த 8 பேரின் அடுத்த விருப்பத்தைப் பார்த்தால் ராமேஸ்வரத்துக்கு 20, கொடைக்கானலுக்கு 15. ராமேஸ்வரம் ஜெயிக்கிறது. சரி, இரண்டிரண்டாக மோதவிட்டுப் பார்ப்போம் என்று பார்த்தால் தஞ்சாவூர் கொடைக்கானலை 20க்கு 15 என்றும், ராமேஸ்வரத்தை 23க்கு 12 என்றும் தோற்கடிக்கிறது! அதே 35 தாள்கள்தான். யாரும் மனசு மாறவில்லை. கரும்பலகையில் மூன்று ஊரும் ஜெயித்து நின்றன.

முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, “அப்படின்னா சார், எங்க விருப்பம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” என்றாள். மணியடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பை ஆரோவிலிருந்து தொடங்கினேன்.

(தஞ்சாவூருக்குத்தான் போனோம். மற்ற இரண்டையும் நேருக்கு நேர் வென்ற ஊர் அது என்று கணக்கைப் பார்த்ததும் கொடைக்கானல்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.)

ஜனநாயகம் சாத்தியமே இல்லை என்று ஆரோ கணக்குப்போட்டு நிரூபித்துவிட்டார், அதற்குத்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று யூடியூபில் ஒருவர் அடித்துப் பேசுகிறார். உண்மையா?
– வாசகர், நாமக்கல்

இரண்டு பாதியும் தவறு.

முதலில் நோபல். 1972ல் ஜான் ஹிக்ஸுடன் அவர் பகிர்ந்துகொண்ட பரிசு, பொதுச் சமநிலைக் கோட்பாட்டுக்கும், மக்கள் நலனை எடைபோடுகிற நலப் பொருளாதாரத்துக்கும் செய்த பங்களிப்புக்காகத் தரப்பட்டது. அப்போது அவருக்கு வயது 51. சந்தைகள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பதைக் கணிதமாகக் காட்டியவர்களில் அவர் ஒருவர். மருத்துவச் சேவையை மற்றச் சரக்கு மாதிரி ஏன் விற்க முடியாது என்று 1963ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் மருத்துவப் பொருளாதாரம் படிப்பவர்கள் முதலில் படிக்கிறார்கள். ஓட்டு ஆராய்ச்சி அவர் வேலையில் ஒரு பகுதி.

இனி நிரூபித்தது என்ன என்று பார்ப்போம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. மக்கள் எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். அந்த வரிசைகளைச் சேர்த்துச் சமூகத்துக்கு ஒரு வரிசை தருகிற விதி வேண்டும். அந்த விதியிடம் ஆரோ கேட்டதெல்லாம் நியாயமானவை. எல்லாருக்கும் ‘அ’வைவிட ‘ஆ’ பிடித்தால், முடிவிலும் ‘ஆ’ மேலே இருக்க வேண்டும். ‘அ’வா ‘ஆ’வா என்று தீர்மானிக்கும்போது அந்த இரண்டைப் பற்றி மக்கள் நினைப்பதை மட்டுமே பார்க்க வேண்டும், சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்று அதைக் குழப்பக் கூடாது. வருகிற வரிசை சுற்றிச் சுற்றி வரக் கூடாது. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் ஒரே ஒருவர் சொல்வதுதான் நடக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது. இத்தனையும் ஒரே விதியில் ஒன்றாக நிற்காது என்பதுதான் தேற்றம்.

மூன்றாவது ஒன்று குழப்புவது என்றால் என்ன? நம் சுற்றுலாவையே பாருங்கள். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணியபோது கொடைக்கானல் தஞ்சாவூரை முந்தியது. பாம்பன் பாலத்தில் வேலை நடக்கிறது, ராமேஸ்வரம் வேண்டாம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அந்த 12 பேரும் தஞ்சாவூர் பக்கம் வருவார்கள். தஞ்சாவூர் ஜெயிக்கும். கொடைக்கானலா தஞ்சாவூரா என்பதை ராமேஸ்வரம் தீர்மானித்திருக்கிறது! தேர்தல் நேரத்தில் ‘ஓட்டைப் பிரிக்கிறான்’ என்று டீக்கடையில் பேசுகிறோமே, அதேதான்.

சுற்றிச் சுற்றி வருவதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர். ஒருவருக்கு இட்லி, தோசை, பொங்கல் என்று வரிசை. அடுத்தவருக்குத் தோசை, பொங்கல், இட்லி. மூன்றாமவருக்குப் பொங்கல், இட்லி, தோசை. தோசையைவிட இட்லி மேல் என்று இரண்டு பேர், பொங்கலைவிட தோசை மேல் என்று இரண்டு பேர், இட்லியைவிட பொங்கல் மேல் என்று இரண்டு பேர். பெரும்பான்மை தன்னையே துரத்துகிறது. பிரான்ஸில் காண்டோர்செ என்ற கணித அறிஞர் 1785லேயே இந்தச் சிக்கலைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். எந்த முறையை எடுத்தாலும் இப்படி ஏதோ ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும் என்று மொத்தமாகக் காட்டியது ஆரோ.

எப்போதும் சிக்கல் வரும் என்று அவர் சொல்லவில்லை. எந்த முறையும் சில சமயம் தவறலாம் என்பதுதான் தன் முடிவு என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். ‘சாத்தியமின்மை’ என்ற சொல் ரொம்ப நம்பிக்கையற்றுத் தொனிக்கிறது என்று சக ஆய்வாளர் கூப்மன்ஸ் வருத்தப்பட்டதால், தன் தேற்றத்துக்கு ‘பொதுச் சாத்தியத் தேற்றம்’ என்றே பெயர் வைத்தார். உலகம் அதைச் சாத்தியமின்மைத் தேற்றம் என்றுதான் அழைக்கிறது.

இன்னொன்று. 1951ல் வந்த அவருடைய முதல் நூலில் நிரூபணத்தில் ஒரு பிழை இருந்தது. 1957ல் ஜூலியன் பிளா என்பவர் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். 1963ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆரோ அதைச் சரிசெய்தார். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

2024 அதிபர் தேர்தலில் எங்கள் நாட்டில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. விருப்பு வாக்கு முறை உங்கள் நாட்டு முறையைவிட நியாயமானது என்று சொல்லலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 விழுக்காடு. பாதியைத் தாண்டாததால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்பட்டு, அவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. முடிவு மாறவில்லை, அவரே ஜெயித்தார். உங்கள் மாதிரி வாக்காளர்கள் 1, 2, 3 என்று எழுத இடம் இருப்பது நல்ல விஷயம். ஒரே ஒரு புள்ளடியைவிட அதிகமாக அந்தச் சீட்டு பேசுகிறது.

இந்தியாவிலும் இது உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் விருப்ப வரிசைதான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு வைத்துக் கூட்டுவார்கள். 1969ல் வி.வி.கிரிக்கு முதல் விருப்பமாக 4,01,515 வாக்கு மதிப்பு, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. மூன்றாவதாக வந்தவர் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சி.டி.தேஷ்முக். ஜெயிக்கத் தேவைப்பட்டது 4,18,169. ஒவ்வொருவராக விலக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிட்டத்தட்ட 88,000 ஆக இருந்த இடைவெளி 14,650 ஆகச் சுருங்கிவிட்டது. தேஷ்முக்கை முதலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ரெட்டியை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். முதல் விருப்பத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தகவலே நமக்குத் தெரிந்திருக்காது.

அதற்காக இது குறையில்லாத முறை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தஞ்சாவூரை நினைத்துப் பாருங்கள். எல்லாரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடிய ஊர், முதல் சுற்றிலேயே வெளியேறியது இந்த முறையில்தான். ஆரோவிடம் வயதான காலத்தில் எந்த முறை நல்லது என்று கேட்டபோது, வேட்பாளர் ஒவ்வொருவரையும் மூன்று நான்கு தரங்களில் மதிப்பிடுகிற முறை ஒருவேளை சிறந்ததாக இருக்கலாம் என்றார்.

அமர்த்தியா சென்னுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கரூர்

நிறைய. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் மாணவராக இருந்தபோது, நண்பர் சுகமய் சக்ரவர்த்தி ஆரோவின் புத்தகத்தை ஒரு புத்தகக் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்து காட்டினார். சென்னின் பிடித்தமான துறை அன்றைக்கு முடிவாகிவிட்டது. மக்கள் எழுதுகிற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் ஆரோ சொன்ன முட்டுச்சந்துதான், யார் எவ்வளவு வறுமையில் இருக்கிறார் என்ற தகவலையும் சேர்த்துக்கொண்டால் வழி திறக்கும் என்று அவர் காட்டினார். 1968–69ல் ஹார்வர்டில் ஆரோ, சென், தத்துவவாதி ஜான் ரால்ஸ் மூவரும் சேர்ந்தே ஒரு வகுப்பு நடத்தினார்கள். அந்த அறையில் பின் வரிசையில் உட்கார இடம் கிடைத்திருந்தால் போதும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

என் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். தேர்தல் முறைகளை ஆராய்ந்து பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கணிதத்தை விட்டுவிட்டு இப்படி அலைய வேண்டுமா? வயசும் போகிறதே என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அம்மா, ஆரோவும் கணிதத்திலிருந்து வந்தவர்தான். அவர் வந்த வழியைச் சொல்கிறேன்.

1930களின் பெருமந்தத்தில் அப்பா எல்லாவற்றையும் இழந்த வீடு. கட்டணமில்லாத நியூயார்க் சிட்டி காலேஜில்தான் சேர முடிந்தது. 1939ல் போலந்திலிருந்து ஒரு மாநாட்டுக்காக அமெரிக்கா வந்த தர்க்கவியல் மேதை ஆல்ஃபிரட் டார்ஸ்கி, போர் வெடித்ததால் ஊர் திரும்ப முடியாமல் அதே கல்லூரியில் வகுப்பெடுக்க நேர்ந்தது. ஆரோ போய் உட்கார்ந்தார். ஒன்றைவிட மற்றொன்று மேல் என்ற உறவை எப்படிக் கணிதமாக எழுதுவது என்று அங்கே கற்றார். டார்ஸ்கியின் தர்க்க நூல் ஆங்கிலத்தில் வந்தபோது பிழைதிருத்தியும் கொடுத்தார். அதை மொழிபெயர்த்தவர் ஓலாஃப் ஹெல்மர். இந்தப் பெயரை மறக்காதீர்கள்.

அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கப் போனார். பொருளாதாரத் துறைக்கு வந்தால் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்றார் பேராசிரியர் ஹோட்டலிங். பணத்துக்காகத்தான் துறை மாறினார். 1942 முதல் 1946 வரை போர். விமானப்படையில் வானிலை அதிகாரி. ஒரு மாதம் முன்னதாகச் சொல்கிற வானிலைக் கணிப்பு குருட்டு ஊகத்தைவிட மேலானதல்ல என்று அவரும் சக அதிகாரிகளும் காட்டினார்கள். அது உதவாது என்று தளபதிக்குத் தெரியும், ஆனால் திட்டமிட அவருக்கு அது வேண்டும் என்று பதில் வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையே விமானப் பயணத்தில் காற்றைப் பயன்படுத்துவது பற்றியது.

போர் முடிந்து திரும்பினால், ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் தவித்தார். சிகாகோவில் இருந்தபோது ஒரு நல்ல யோசனை வந்தது. ஒரு மாதத்தில் பார்த்தால் அதே யோசனையை டங்கன் பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1948ல் அச்சிலேயே போட்டிருந்தார்.

அந்த வருஷக் கோடையில் சாண்டா மோனிகாவில் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஒருவர், நாடுகளின் மோதலுக்கு விளையாட்டுக் கோட்பாட்டை (எதிராளி என்ன செய்வான் என்று கணக்கிட்டு முடிவெடுப்பதை ஆராயும் கணிதம்) பொருத்துகிறோமே, ஒரு நாட்டுக்கு ‘விருப்பம்’ என்று ஒன்று உண்டா என்று கேட்டார். அதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது என்றார் ஆரோ. எழுதிக் கொடு என்றார் அவர். எழுத உட்கார்ந்தபோதுதான் பதில் இல்லை என்பது தெரிந்தது. கேட்டவர் ஓலாஃப் ஹெல்மர். பிழைதிருத்திய புத்தகத்தின் மொழிபெயர்ப்பாளர். அந்தப் புத்தகத்தின் கணிதம்தான் தேற்றத்தை எழுதக் கைகொடுத்தது.

கொலம்பியாவில் நுழைந்தபோது வயது 19. 1951ல் முனைவர் பட்டம் வாங்கும்போது 29. பாடம் நடத்தியது ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட், மறுபடி ஸ்டான்ஃபோர்ட். 2017 பிப்ரவரியில் 95 வயதில் காலமானார்.

உங்கள் மகளின் கணிதம் வீணாகாது. இந்தத் துறையில் அதுதான் முதலீடு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி, கொல்கத்தா மையங்களில் அளவுசார் பொருளாதாரத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் கணிதம் கேட்பார்கள். இந்தத் துறையில் உலகம் மதிக்கிற ஆய்வாளரான அருணவ சென் டெல்லி மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் இருக்கிறது. அமர்த்தியா சென் 1960களில் பாடம் நடத்திய இடம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

அதற்குள் ஆரோவின் அந்த 1951 நூலை (Social Choice and Individual Values), பிழை சரிசெய்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், ஒல்லியான புத்தகம்தான். பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்றுபோகிறாளோ, அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு எனக்குக் கடிதம் எழுதட்டும்.