‘அவனைக் கற்பித்தார்’ என்பது சரியா?

சரியில்லை. ‘தாத்தா அவனைக் கற்பித்தார்’ என்று நீங்கள் மொழிபெயர்த்த வரியில் இடறுவது ‘அவனை’தான். கற்பி என்ற வினைக்குப் பாடம்தான் செயப்படுபொருள். ஆளுக்கு ‘கு’ உருபு வரும்: ‘அவனுக்குக் கணக்குக் கற்பித்தார்’.

ஆங்கில மூலத்தில் இருந்த ‘எஜுகேட்’ (educate) என்பதற்கு அகராதி கொடுத்த முதல் சொல்லை அப்படியே எடுத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அந்த ஆங்கில வினை ஆளையே நேராகப் பிடிக்கும். அதன் இலத்தீன் மூலத்துக்கு ‘வளர்த்தல்’ என்றே பொருள்.

ஒரு சோதனை: ‘என்ன பாடம்?’ என்று உங்கள் வரியைக் கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் ‘கற்பி’. பதில் இல்லை, தாத்தா பணம் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினார் என்றால் ‘அவனைப் படிக்க வைத்தார்’. அதையும் தாண்டி, அவன் சொந்தக்காலில் நிற்கும்வரை என்றால் ‘ஆளாக்கினார்’. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் அகராதியில் ‘எஜுகேட்’ என்ற பதிவின் கீழ் இதைத் தேடினால் கிடைப்பது கடினம்.

‘கல்வி புகட்டினார்’ வேண்டாமே. புகட்டுவது குழந்தைக்குச் சங்கில் மருந்து ஊற்றுவது போன்ற வேலை. வாங்குபவர் வாயைத் திறந்தால் போதும்.

அப்புறம், கற்பிக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘உள்நோக்கம் கற்பிக்காதே’ என்றால் இல்லாததை ஏற்றிச் சொல்லாதே என்று அர்த்தம். அங்கே இந்தச் சோதனை செல்லாது.