குரூப் போட்டதும் படம் ஏன் கலைகிறது? இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப், கோரல்டிரா ஆகிய வரைகலை மென்பொருள்கள் பற்றிய வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மூன்று பொருள்களை குரூப் செய்தேன் (ஒன்றாக நகரும்படி சேர்த்தேன்). அடியில் இருந்த ஒன்று மேலே வந்து, குரூப்பில் சேர்க்காத எழுத்தை மறைத்துவிட்டது. ஏன்?

எது மேலே, எது கீழே என்ற அடுக்கு வரிசையில் ஒரு குரூப்புக்கு ஒரே இடம்தான். தேர்ந்தெடுத்தவற்றில் எது உச்சியில் இருக்கிறதோ, அதன் இடத்துக்கு மற்றவையும் ஏறிவிடும். நடுவில் இருந்த எழுத்து கீழே மாட்டிக்கொள்ளும். லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தாள் போன்ற அடுக்குகள்) வேறு வேறாக இருந்தாலும் தப்பிக்க முடியாது: இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாமே உச்சிப் பொருளின் லேயருக்குப் போய்விடும். எழுத்துக்கு அடியில் உள்ளவற்றை ஒரு குரூப்பாகவும் மேலே உள்ளவற்றை இன்னொன்றாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் கூடவே நகர வேண்டுமானால் அதையும் சேர்த்தே குரூப் செய்வது மேல்.

கேள்வி: குரூப்புக்குள் இருக்கும் ஒரு வட்டத்தை எத்தனை முறை மேலே ஏற்றினாலும் வெளியே உள்ள கட்டத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

தாண்டாது. அது ஏறுவது குரூப்பின் எல்லைக்குள் மட்டும். முழு குரூப்பையும் ஏற்றுங்கள்: இங்க்ஸ்கேப்பில் ஹோம் விசை, கோரல்டிராவில் ஷிஃப்ட் + பேஜ் அப். வட்டம் மட்டும் வெளியே வந்தால் போதுமென்றால், இங்க்ஸ்கேப்பின் ஆப்ஜெக்ட் மெனுவிலேயே அதை குரூப்பிலிருந்து வெளியே எடுக்கும் கட்டளை இருக்கிறது. குரூப்பைக் கலைக்கத் தேவையில்லை.

கேள்வி: குரூப்பைப் பிரிக்காமல் ஒரு பொருளின் நிறத்தை மட்டும் மாற்றுவது எப்படி?

இங்க்ஸ்கேப், கோரல்டிரா இரண்டிலும் கன்ட்ரோலை அழுத்தியபடி அதன்மேல் கிளிக். இல்லஸ்ட்ரேட்டரில் குரூப்பை இருமுறை கிளிக் செய்து உள்ளே போகலாம், எஸ்கேப் அழுத்தினால் வெளியே வரலாம்.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட் (பொருள்களைச் சமமாகப் பரப்பும் கட்டளை) கொடுத்தும் இடைவெளி சமமாக வரவில்லை.

மையங்களைச் சமமாக்கும் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அகலங்கள் வேறுபட்டால் அது உதவாது. 20, 60, 40 மி.மீ. அகலமுள்ள மூன்று கட்டங்கள் 180 மி.மீ. நீளத்துக்குள் நிற்கின்றன என்று கொள்வோம். மையங்களைச் சமமாக்கினால் இடைவெளிகள் 35, 25 என்று வரும். இடைவெளிகளைச் சமமாக்கும் பொத்தான் தனியாக உண்டு; அதை அழுத்தினால் 30, 30.

இரண்டு ஓரக் கட்டங்களும் நகராது, நடுவில் உள்ளவைதான் நகரும். ஆகவே முதலில் ஓரங்களைச் சரியான இடத்தில் வையுங்கள். அப்படியும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உதைக்கிறதா? கோட்டின் தடிமனைப் பாருங்கள். 2 மி.மீ. கோட்டில் 1 மி.மீ. பாதைக்கு (வடிவத்தின் விளிம்புக்கு) வெளியே நிற்கும். அதைக் கணக்கில் எடுப்பதா என்பதை இல்லஸ்ட்ரேட்டரின் அலைன் (பொருள்களை நேராக வரிசைப்படுத்தும்) பேனல் மெனுவிலும், இங்க்ஸ்கேப்பின் பிரிஃபரன்ஸ் பகுதியில் டூல்ஸ் பக்கத்திலும் மாற்றலாம்.

கேள்வி: அலைன் செய்தால் நகரக் கூடாதது நகர்கிறது.

கோரல்டிராவில் நகரக் கூடாததை ஷிஃப்ட் பிடித்துக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பிறகு, ஷிஃப்ட் இல்லாமல் அதை மட்டும் இன்னொரு முறை கிளிக் செய்தால் அதுவே ஆதாரம்; மற்றவை அதற்கேற்ப நகரும்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் அன்குரூப் செய்ததும் ஒளிபுகும் தன்மை போய்விட்டது.

அது குரூப்புக்குக் கொடுத்தது, பொருள்களுக்கு அல்ல. குரூப்போடு அதுவும் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 50 சதவீதம் கொடுத்தாலும் பழைய தோற்றம் வராது, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் அடியில் உள்ளது தெரியும். கன்ட்ரோல் + இசட் அழுத்தி குரூப்பாகவே விட்டுவிடுங்கள்.