ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களும் புதிய அதிபரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இருபது ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வெள்ளை மாளிகையில் கட்சி மாறும்போதெல்லாம் முந்தைய அதிபர் நியமித்த ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் (அமெரிக்க மத்திய அரசின் சார்பில் ஒவ்வொரு நீதிமன்ற மாவட்டத்திலும் வழக்கு நடத்தும் அலுவலகத்தின் தலைவர்கள்) ராஜினாமா செய்யும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். 2017 மார்ச்சில் எஞ்சியிருந்த 46 பேரை ஒரே வெள்ளிக்கிழமையில் போகச் சொன்னார்கள். மறுத்த நியூ யார்க் தெற்கு மாவட்டத்தின் பிரீத் பராரா மறுநாளே நீக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் பைடன் நிர்வாகமும் ஓரிருவரைத் தவிர எல்லாரையும் போகச் சொன்னது. விசாரணை பாதியில் இருக்கும்போது அதை நடத்துபவரை மாற்றுவது கட்சிக்காரர்களுக்குப் பதவியைப் பங்குவைப்பதன்றி வேறென்ன? சட்டத்தில் நான்கு ஆண்டுப் பதவிக்காலம் என்று தெளிவாக இருக்கிறது. அந்த நான்கு ஆண்டையும் முழுதாக இருக்க விட்டால் என்ன குடிமுழுகிவிடும்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

மாற்றலாம் என்பதே என் கருத்து. உங்கள் வருத்தம் நியாயமானதுதான், ஆனால் அதற்குக் காரணமான பெரிய முறைகேடுகள் முந்தைய அதிபரின் ஆட்களை அனுப்பியபோது நடந்தவை அல்ல. அதிபர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்களை நடுவில் வெளியேற்றியபோது நடந்தவை. அதற்கு வருகிறேன்.

நீங்கள் சுட்டும் நான்கு ஆண்டு சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதே பிரிவில், ஒவ்வொரு அரசு வழக்கறிஞரையும் நீக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறது. இது பழைய வழக்கு. 1890இல் அதிபர் ஹாரிசன் அலபாமாவில் நியமித்த பார்சன்ஸ் என்ற அரசு வழக்கறிஞரை, 1893இல் பதவிக்கு வந்த கிளீவ்லாந்து நீக்கினார். தன் நான்கு ஆண்டு முடியவில்லை என்று கூறிப் பார்சன்ஸ் நாற்காலியை விட மறுத்ததோடு, மீதிக் காலத்துக்குச் சம்பளம் கேட்டு வழக்கும் போட்டார். 1897இல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது: நான்கு ஆண்டு என்பது அதற்கு மேல் நீடிக்கக்கூடாது என்ற வரம்புதானே தவிர, அதுவரை அசைக்கக்கூடாது என்ற உத்தரவாதம் அல்ல. நீங்கள் கேட்ட கேள்வியை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கைக்காசைச் செலவழித்துக் கேட்டுப் பார்த்துவிட்டார்.

சட்டம் அனுமதிப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்பீர்கள். இந்தப் பதவியின் வேலை என்ன என்று பார்த்தால் சரி எது என்பது ஓரளவு விளங்கும். நாட்டில் 94 ஃபெடரல் நீதிமன்ற மாவட்டங்கள் உள்ளன; குவாமுக்கும் வடக்கு மரியானா தீவுகளுக்கும் ஒருவரே என்பதால் அரசு வழக்கறிஞர்கள் 93 பேர். இவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவது அபூர்வம். கையிலிருக்கும் ஆட்களையும் நேரத்தையும் எந்தக் குற்றத்தின் மீது செலவழிப்பது என்று தீர்மானிப்பதே இவர்களின் முதன்மையான வேலை: ஆள்கடத்தலா, பங்குச் சந்தை மோசடியா, போதைப்பொருளா. அது கொள்கை முடிவு. மக்கள் வாக்களித்து ஒரு கொள்கையை மாற்றியிருக்கும்போது, அதைச் செயல்படுத்தும் நாற்காலியில் தோற்ற தரப்பின் தேர்வு நான்கு ஆண்டு அமர்ந்திருப்பதை நான் ஜனநாயகம் என்று கருதவில்லை.

விசாரணை பாதியில் நிற்குமே என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் வழக்குக் கோப்பு வேறொருவர் கையில் இருக்கிறது. அரசு வழக்கறிஞருக்குக் கீழே, நாடு முழுவதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உதவி வழக்கறிஞர்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள். ஆட்சி மாறினால் இவர்கள் மாறுவதில்லை. நம் வாசகர்கள் பலருக்கும் நினைவிருக்கக்கூடிய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பங்குச் சந்தை மோசடி வழக்கில் சிக்கிய, கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2008 மார்ச்சில் அனுமதி வாங்கப்பட்டபோது அதிபர் புஷ். நியூ யார்க் தெற்கு மாவட்ட அலுவலகத்தின் தலைவரும் அவர் நியமித்தவர். அவர் போய், ஒரு பொறுப்பாளர் வந்து, 2009 ஆகஸ்டில் ஒபாமாவின் நியமனமாகப் பராரா வந்தார். அக்டோபரில் கைது, 2011 மே மாதத்தில் தீர்ப்பு, பின்னர் பதினோரு ஆண்டுச் சிறைத்தண்டனை. இரண்டு அதிபர்களையும் மூன்று தலைவர்களையும் அந்தக் கோப்பு கடந்தது. செய்தித்தாளில் பெயர் பெற்றவர் பராரா. மூட்டை சுமந்தவர்கள் கீழே இருந்தவர்கள்.

1993இல் எழுந்த சந்தேகம் உங்களுடையதைவிடக் கடுமையானது. கிளிண்டனின் அட்டர்னி ஜெனரல், அதாவது நீதி அமைச்சகத்தின் தலைவரான ஜேனட் ரீனோ, அந்த மார்ச்சில் எல்லா அரசு வழக்கறிஞர்களையும் ஒரே வீச்சில் ராஜினாமா செய்யச் சொன்னார். வாஷிங்டன் மாவட்டத்தில் இருந்த ஜே ஸ்டீவன்ஸ், ஜனநாயகக் கட்சியின் செல்வாக்குமிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டான் ரோஸ்டென்கவ்ஸ்கியை அப்போது விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றவே இந்தக் கூண்டோடு கலைப்பு என்று குடியரசுக் கட்சியினர் குற்றம் சாட்டினார்கள். ஆனால் ஸ்டீவன்ஸின் நாற்காலிக்கு வந்த எரிக் ஹோல்டர், கிளிண்டன் நியமித்தவராக இருந்தும், 1994இல் ரோஸ்டென்கவ்ஸ்கி மீது குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தார். அவர் 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். இதனால் ரீனோ செய்த முறை சரியாகிவிடாது. ஒரே நாளில் 93 அலுவலகங்களையும் தலையில்லாமல் ஆக்குவது அவசரக்காரர் வேலை. 2009இல் செய்ததுபோல, மாற்று ஆள் செனட்டில் உறுதியாகும் வரை பழையவரை இருக்க விடுவதே நல்ல நிர்வாகம்.

எழுதப்பட்ட விதியாகவே இருந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பும் ஒரு மரபும் உண்டு. புதிய அதிபரின் குடும்பத்தையோ அவரது அரசியல் வட்டத்தையோ தொடும் விசாரணை நடந்தால், அந்த வழக்கறிஞரை அசைக்காமல் விடுவது. ஒபாமாவின் ஊரான சிகாகோவில், அவரது கட்சியின் ஆளுநர் பிளகோயவிச் மீது வழக்கு நடத்திய பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2012 வரை அந்தப் பதவியில் இருந்தார். பைடனின் மகனை விசாரித்த டெலவேர் வழக்கறிஞர் டேவிட் வைஸ், டிரம்ப் நியமித்தவர். பைடன் அவரைத் தொடவில்லை.

இனி நான் முதலில் சொன்ன விஷயம். 2006 டிசம்பர் 7ஆம் தேதி ஏழு அரசு வழக்கறிஞர்கள் பதவி விலகச் சொல்லப்பட்டார்கள். ஆட்சி மாறவில்லை, அவர்களை நியமித்தவரும் புஷ்தான். அவர்களுள் ஒருவர் நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியஸ். சில வாரங்களுக்கு முன்பு, தேர்தல் நெருங்கிய அக்டோபரில், அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தவர் அவர் கட்சியைச் சேர்ந்த செனட்டர் பீட் டொமினிச்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் தொடர்பான ஊழல் வழக்கு நவம்பருக்கு முன் பதிவாகுமா என்று கேட்டார். ஆகாது என்று நினைப்பதாக இக்லேசியஸ் சொன்னதும், அதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது என்ற ஒரு வாக்கியம். அதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. இது 2007 மார்ச்சில் அவர் செனட் குழுவின் முன் அளித்த சாட்சியம். அழைத்ததை டொமினிச்சி ஒப்புக்கொண்டார், அழுத்தம் கொடுத்ததை மறுத்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் அட்டர்னி ஜெனரல் ஆல்பர்ட்டோ கொன்சாலஸ் பதவியில் இல்லை.

அதே பட்டியலில் இருந்த சான் டியகோவின் கேரல் லாம் விஷயத்தில் எனக்கே தெளிவான முடிவு இல்லை. எல்லையோர மாவட்டத்தில் ஆள்கடத்தல் வழக்குகளை அவர் குறைவாகத் தொடுக்கிறார் என்பது அவர் மீதான குறை. கொள்கை வேறுபாட்டுக்காக மாற்றலாம் என்று மேலே வாதாடிய நான் அந்தக் காரணத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் கன்னிங்ஹாமை லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பியவர் என்பதையும், அந்த விசாரணை இன்னும் விரிந்துகொண்டிருந்தது என்பதையும் என்னால் மறக்கவும் முடியாது.

2025 செப்டம்பரில் நடந்தது இந்த ஐயத்துக்குக்கூட இடம் தரவில்லை. வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்தின் எரிக் சீபர்ட், டிரம்ப்பே முன்மொழிந்த ஆள். டிரம்ப் மீது மோசடி வழக்குத் தொடுத்திருந்த நியூ யார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் மீது வழக்குத் தொடுக்கத் தயங்கிய அவர், நெருக்கடியின் நடுவே 19ஆம் தேதி ராஜினாமா செய்தார். 22ஆம் தேதி பதவியேற்ற லிண்ட்சி ஹாலிகன், அதற்கு முன் ஒரு குற்ற வழக்கையும் அரசுத் தரப்பில் நடத்தியதில்லை. மூன்றே நாளில், டிரம்ப் 2017இல் நீக்கிய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி மீது குற்றப்பத்திரிகை வந்தது, அதில் ஹாலிகனின் கையெழுத்து மட்டுமே இருந்தது. நவம்பர் 24ஆம் தேதி, ஹாலிகனின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று கூறி, கோமி, லெட்டிஷியா ஜேம்ஸ் இருவர் மீதான வழக்குகளையும் நீதிபதி கேமரான் கரி தள்ளுபடி செய்தார்.

ஆகவே நீங்கள் சொல்லும் நான்கு ஆண்டுப் பாதுகாப்பைவிட, உள்ளே வரும் வழியை இறுக்குவதே பயன் தரும் என்று நினைக்கிறேன். செனட் உறுதி செய்யாத இடைக்கால வழக்கறிஞருக்கு 120 நாள்தான். அதன் பின் மாவட்ட நீதிபதிகள் ஒருவரை அமர்த்தலாம். 2006இல் ஒரு சட்டத் திருத்தம் இந்த வரம்பைச் சத்தமில்லாமல் நீக்கியது. அந்த ஏழு பேர் விவகாரம் வெடித்த பிறகு 2007இல் அது திரும்பக் கொண்டுவரப்பட்டது. வரம்பு இப்போதும் ஏட்டில் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் அதற்கு நேர்ந்ததை நீங்களே அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். டிரம்ப்பின் சொந்த வழக்கறிஞராக இருந்த அலினா ஹப்பாவின் 120 நாள் 2025 ஜூலையில் முடிந்தபோது, நீதிபதிகள் அலுவலகத்தின் முதல் உதவி வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீதி அமைச்சகம் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, ஹப்பாவையே முதல் உதவியாளர் என்று அறிவித்து, அந்த வாசல் வழியாகப் பொறுப்பு வழக்கறிஞர் ஆக்கியது. ஆகஸ்டில் ஒரு நீதிபதியும், டிசம்பர் 1ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லாது என்றன; ஒரு வாரத்தில் அவர் விலகினார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் போதைப்பொருள், துப்பாக்கி வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களும் உண்டு. எங்கள் மீது வழக்கு நடத்த இவருக்கு என்ன அதிகாரம் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு விடை கிடைக்கும் வரை, நியூ ஜெர்சியில் சம்பந்தமே இல்லாத பல வழக்குகளின் விசாரணையும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

அன்புடன்