சீரியல் பார்த்தால் இத்தாலியன் வருமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "செப்டம்பரில் டூரினில் எம்.எஸ்சி. சேரப்போகிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். கடை கண்ணிக்குப் போய்வர இத்தாலியன் வேண்டுமே என்று 'லாமிக்கா ஜெனியாலே' தொடரை ஆங்கில சப்டைட்டிலோடு மூன்று சீசன் பார்த்துவிட்டேன். 'கிராட்சியே' (நன்றி) தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. தொடர் பார்த்து மொழி கற்பது நடக்கிற காரியமா?"

நடக்கும். நீங்கள் எடுத்த தொடர்தான் சிக்கல். அதில் பேச்சின் பெரும்பகுதி நேப்பிள்ஸ் நகரத்து வட்டார மொழி. 2018இல் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய் அதை ஒளிபரப்பியபோது இத்தாலியர்களுக்கே இத்தாலிய சப்டைட்டில் போட்டுத்தான் காட்டினார்கள். 'போகலாம்' என்பதற்கு இத்தாலியனில் 'அந்தியாமோ', நேப்பிள்ஸில் 'யம்மே'. பையன் அங்கே 'ரகாட்சோ', இங்கே 'குவால்யோனே'. மூன்று சீசன் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் உங்கள் மூளைமேல் பழி போடாதீர்கள். 'கொமோர்ரா' தொடர் பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம், அதிலும் இதே கதைதான். 1999இல் தொடங்கிய துப்பறியும் தொடர் 'மொண்டல்பானோ' சிசிலிக்காரருடையது. அவர் போனை எடுத்து 'மொண்டல்பானோ சோனோ' (நான் மொண்டல்பானோ) என்பார். வினைச்சொல் கடைசியில் வருவது நம் காதுக்கு இதமாக இருக்கும். டூரினில் 'சோனோ' முன்னால் வர வேண்டும்.

ஒரு நாட்டுக்குள் இத்தனை பேச்சா என்று தோன்றலாம். இத்தாலியில் தொலைக்காட்சி 1954இல்தான் வந்தது. அப்போது வீட்டில் வட்டார மொழி மட்டுமே பேசிய குடும்பங்கள் ஏராளம். 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியர் திரையில் கரித்துண்டால் படம் வரைந்து, எழுத்தறியாத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பொது இத்தாலியன் நாடெங்கும் பரவியதில் டிவிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, எதைப் பார்ப்பது? என் ஓட்டு 'இல் பாரதீசோ தெல்லே சிஞ்ஞோரே'வுக்கு. மிலானில் ஒரு பெரிய துணிக்கடை, அதன் விற்பனைப் பெண்கள், முதலாளிகள், காதல், சூழ்ச்சி. 2018இலிருந்து தினசரித் தொடர். கலையாக அதை யாரும் புகழ மாட்டார்கள். ஆனால் தினசரி சீரியலில் நாம் கேலி செய்கிற குணம் இருக்கிறதே, ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு முறை சொல்வது, அதுதான் கற்பவருக்கு வரம். நேற்று கேட்ட வாக்கியம் இன்று வேறொரு வாயிலிருந்து வரும். உச்சரிப்பும் தெளிவு. அப்புறம், கடை என்பதால் 'லேய்' நிறைய வரும். நம் 'நீங்கள்' போன்ற மரியாதைச் சொல் அது. ஆனால் வினை படர்க்கையில் போகும்: தோழியிடம் 'கோமே ஸ்தாய்?', வாடிக்கையாளரிடம் 'கோமே ஸ்தா?'. எந்தக் காட்சியில் யார் யாரிடம் 'லேய்' விட்டு 'தூ'வுக்கு, அதாவது 'நீ'க்கு, இறங்குகிறார்கள் என்று கவனியுங்கள். கதையும் அங்கேதான் திரும்பும். ராயின் இணையத் தளமான ராய்ப்ளேயில் இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம். இத்தாலிக்கு வெளியே பல நிகழ்ச்சிகள் திறக்காது, எது திறக்கிறது என்று தேடிப் பாருங்கள். டப்பிங் தொடர் வேண்டாம். அவற்றில் பேச்சு ஒன்று, சப்டைட்டில் எழுத்து ஒன்றாக இருப்பது வழக்கம்.

பார்க்கும் முறை முக்கியம். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் கண் படிக்கும், காது தூங்கும். இரண்டே நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் எழுத்தில்லாமல். பிறகு இத்தாலிய எழுத்தோடு, வரிக்கு வரி நிறுத்தி. பிறகு நடிகரோடு சேர்ந்து வாய்விட்டு. ஒருத்தி கதவைத் தட்டி 'பெர்மெஸ்ஸோ?' என்கிறாள், உள்ளிருந்து 'அவாந்தி!' என்று குரல் வருகிறது. உள்ளே வரலாமா, வாங்க. அகராதியில் தேடிப் படித்தால் மறந்துபோகும், அந்தக் கதவோடு கேட்டால் மறக்காது. 'போ' என்று தோளைக் குலுக்கினால் கோபிக்க வேண்டாம். 'யாருக்குத் தெரியும்' என்று அர்த்தம்.

இத்தாலியனில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். 'பாலா' மண்வெட்டி, 'பால்லா' பந்து. 'சேதே' தாகம், 'செத்தே' ஏழு. ஆங்கிலேயர்கள் இதில் திணறுவார்கள். பலியையும் பல்லியையும் பிரித்துப் பழகிய நமக்கு இது சுலபம். வயது சொல்லும்போது மட்டும் 'ஆன்னி'யில் (ஆண்டுகள்) ஒரு ன் நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நழுவினால் உடம்பின் சங்கடமான ஓர் இடத்துக்குப் போய்விடும்.

நாம் சறுக்குவது வேறிடத்தில். 'எவ்வளவு', 'எப்போது' இரண்டையும் தமிழில் எழுதினால் 'க்வாந்தோ'தான். 'எப்போது' என்பதில் நம் 'வந்தான்' ஒலி. 'எவ்வளவு' என்பதில் 'ந்' முடிந்ததும் 'பத்து'வில் வரும் அழுத்தமான த. தமிழ் நாக்கு 'ந்' வந்தாலே அடுத்ததை மெலிதாக்கிவிடும். காய்கறிச் சந்தையில் 'எவ்வளவு விலை' என்று நினைத்து 'எப்போது விலை' என்று கேட்டு நிற்பீர்கள். பாஸ்தாவும் அப்படித்தான்: உதட்டில் ப அழுந்தினால் சாப்பாடு, மெலிந்தால் 'போதும்'. போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து நடிகர் குரலோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். இந்த ஒரு வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கலாம்.

தொடர் மட்டும் போதாது. 'எஸ்ஸெரே' (இருப்பது), 'அவேரே' (வைத்திருப்பது) என்ற இரண்டு வினைகளின் வடிவங்களை ஒரு எளிய இலக்கணப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை தன்னால் அதன்மேல் ஒட்டும். நம்மைப் போலவே அவர்களும் 'நான்', 'நீ' சொல்லாமல் வினையின் வாலிலேயே ஆளைக் காட்டுவார்கள், அதனால் வாலைக் கவனித்தால் பாதி புரிந்துவிடும்.

நேப்பிள்ஸ் தொடரின் நான்காவது சீசனை விடத் தேவையில்லை, ஞாயிறு ராத்திரி கதைக்காகப் பாருங்கள். அதில் கதாநாயகி எலெனா பின்னணியில் கதை சொல்லும் குரல் மட்டும் சுத்தமான இத்தாலியன். அது வரும்போது சப்டைட்டிலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.