மகள் கூட்ஸ் வண்டி வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: சங்ககிரியிலிருந்து எழுதிய லாரி உரிமையாளருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது வருஷமாக லாரித் தொழில், இப்போது மூன்று வண்டி ஓடுகிறது, மகள் பி.காம். கடைசி வருஷம். அவளுக்கு ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியமான ஆர்.ஆர்.பி. நடத்தும் தேர்வு எழுதி கூட்ஸ் ரயில் மேலாளர் (முன்பு கார்டு என்றார்களே, அந்த வேலை) ஆக ஆசை. உங்களுக்கோ, ரயில்வே நஷ்டத்தில் ஓடுகிறது, சரக்கெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டது, நாளைக்கே தனியாருக்குக் கொடுத்துவிட்டால் பொண்ணு கதி என்ன என்ற பயம். இந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. ஆனால் நீங்கள் எழுதாத வேறு சில விஷயங்களைப் பற்றிக் கண்டிப்பாக யோசிக்க வேண்டும். இரண்டையும் சொல்கிறேன். நீங்களே சரக்குத் தொழிலில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம்.

முதலில் பணம். ரயில்வே என்றதும் நமக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் வண்டியும் தட்கல் டிக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 2023-24 கணக்கில் ரயில்வேயின் போக்குவரத்து வருமானம் சுமார் 2.56 லட்சம் கோடி ரூபாய், அதில் சரக்கு மட்டும் சுமார் 1.68 லட்சம் கோடி, பயணிகள் டிக்கெட்டில் வந்தது ஏறக்குறைய 70,000 கோடி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு கூட்ஸ் வண்டி கொண்டுவருவது. ஒரு பயணியைக் கொண்டுபோக 100 ரூபாய் செலவானால் 54 ரூபாய்தான் டிக்கெட்டில் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சரே சொல்லியிருக்கிறார். மீதி 46 ரூபாயில் பெரும்பகுதியை நிலக்கரியும் சிமென்ட்டும் இரும்புத் தாதும் சுமக்கின்றன. அந்த வருஷம் 100 ரூபாய் சம்பாதிக்க ரயில்வேக்கு ஆன செலவு 98 ரூபாய் 43 காசு. கையில் மிச்சம் கம்மி என்பது உண்மைதான், ஆனால் அந்த மிச்சத்தையும் உண்டாக்குவது உங்கள் மகள் போக நினைக்கிற பக்கம்தான். சரக்குப் பிரிவை மூடிவிட்டு இந்த நாட்டில் ரயில் ஓட்டவே முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது உங்கள் வீட்டுக் கதை. டிக்கெட் விலையை ஏற்ற முடியாமல் சரக்குக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனதால், ரயிலில் போக வேண்டிய சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்கு வந்தது. போதாததற்கு ஒரே தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் ஓடுவதால், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுக் கூட்ஸ் வண்டி லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், மணிக்கணக்கில் நிற்கும். எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வியாபாரிக்கு வாடகையைவிட இதுதான் பெரிய தலைவலி. சுதந்திரம் வந்த காலத்தில் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் போனது, இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த முப்பது வருஷத்தில் உங்கள் லாரிக்கு வந்த லோடில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

ஆனால் பங்கு குறைந்ததென்றால் சரக்கே குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாட்டின் மொத்தச் சரக்கு இன்னும் வேகமாகப் பெருகியதால்தான் பங்கு குறைவாகத் தெரிகிறது. 2020-21-இல் ரயில்வே ஏற்றியது சுமார் 123 கோடி டன், 2024-25-இல் 161 கோடி டன்னுக்கு மேல். இது சாகிற தொழிலின் கணக்கு இல்லை.

இனி இந்தத் தொழிலின் சூட்சுமத்தை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். நிலக்கரி ஏற்றும் ஒரு ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த ஒரு முழு கூட்ஸ் வண்டியில், 58 வேகன், ஏறக்குறைய 4,000 டன் பிடிக்கும். 25 டன் ஏற்றும் லாரி என்று வைத்தால் 160 லாரி, 160 டிரைவர், 160 டோல் கணக்கு. ரயிலில் அதற்கு வேண்டியது ஓட்டுநர், உதவி ஓட்டுநர், பின்னால் ரயில் மேலாளர், ஆக மூன்று பேர். ஓடும்போது ரயிலை யாராலும் ஜெயிக்க முடியாது. ரயில் தோற்பதெல்லாம் நிற்கும்போதுதான். அரியலூரிலிருந்து சிமென்ட் மூட்டையை ரயிலில் அனுப்பினால், கூட்ஸ் ஷெட்டில் இறக்குகூலி, அங்கிருந்து லாரி வாடகை, குடோனில் மறுபடியும் இறக்குகூலி. லாரி என்றால் ஆலை வாசலில் ஏற்றி கடை வாசலில் இறக்கிவிடுவீர்கள். 200, 300 கிலோமீட்டருக்கு ரயில் மிச்சப்படுத்துவதை இந்த இரண்டு முனையிலும் ஆகிற செலவு தின்றுவிடும். நல்ல தூரம் போனால்தான் கணக்கு ரயில் பக்கம் திரும்பும். அப்புறம் ரிட்டர்ன் லோடு. நீங்கள் தார்ப்பாயைக் கட்டி வரும்போது வெங்காயம், போகும்போது நூல் என்று ஓட்டலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோன திறந்த வேகன் திரும்பி வரும்போது பெரும்பாலும் காலிதான், பெட்ரோல் டேங்கர் வேகன் கேட்கவே வேண்டாம்.

அந்த மேட்டூர் நிலக்கரியையே பாருங்கள். ஒடிசாவில் தால்சேர் பக்கத்துச் சுரங்கத்தில் ரயிலில் ஏறி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலுக்கு மாறி, எண்ணூரில் இறங்கி, மறுபடியும் ரயிலில் ஏறி மேட்டூர் வருகிறது. எத்தனை ஏற்று, எத்தனை இறக்கு! ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ரேக் எப்போது வரும், எவ்வளவு நேரத்தில் காலி செய்ய வேண்டும், தாமதித்தால் எவ்வளவு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். இந்தத் தொழிலில் காசு கரைகிற இடம் இரண்டு முனைகள், அதனால் புத்திசாலிகளுக்கு இனிமேல் வேலை கூடப்போகிற இடமும் அந்த முனைகள்தான். கம்ப்யூட்டரும் இயந்திரமும் நடுவில் ஓடுகிற வண்டிக்கு வேண்டிய ஆளைக் குறைத்துக்கொண்டே வரும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு மகள் கேட்கிற வேலைக்கு வருவோம். 2025-இல் வந்த பட்டதாரி நிலை என்.டி.பி.சி. (தொழில்நுட்பம் சாராத பதவிகள்) அறிவிப்பில் மொத்த இடம் 5,810, அதில் 3,416 கூட்ஸ் ரயில் மேலாளர், ஸ்டேஷன் மாஸ்டர் 615. எந்தப் பட்டமும் போதும், கேள்வித்தாள் தமிழிலும் உண்டு, இரண்டு கட்டக் கணினித் தேர்வு, மூன்று தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். ரயில் மேலாளருக்கு அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய், அதோடு வண்டி ஓடுகிற கிலோமீட்டருக்கு ஏற்ற படி. ஸ்டேஷன் மாஸ்டருக்கு 35,400, ஆனால் அதற்கு மனத்திறன் தேர்வு ஒன்று தனியாக உண்டு. இடம் அதிகம் என்பதால் கூட்ஸ் ரயில் மேலாளர் சுலபமாகக் கிடைக்கும் என்று பயிற்சி மையங்கள் சொல்லும், ஆனால் போட்டியும் லட்சக்கணக்கில்தான்.

வேலை எப்படி என்று அவளிடம் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டியின் கடைசியில் இருக்கிற பிரேக் வேனில் தனியாளாகப் பயணம், நேரம் காலம் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வரும், வீட்டுக்குத் திரும்பாமல் வேறு ஊரில் வண்டி ஊழியர் தங்கும் ரன்னிங் ரூமில் தூங்கவேண்டி வரும், பல பிரேக் வேன்களில் கழிப்பறைகூட இல்லை. பெண் பிள்ளைகள் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவே மாட்டேன். இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் சுரேகா யாதவ் கூட்ஸ் வண்டியில் தொடங்கியவர்தான். என் மாணவி ஒருத்தி வட மாநில ரயில்வே கோட்டம் ஒன்றில் இந்த வேலையில் இருக்கிறாள், சந்தோஷமாகவும் இருக்கிறாள், ஆனால் முதல் வருஷம் தினமும் அழுதேன் சார் என்று அவளே சொன்னாள். உங்கள் மகள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஆசைப்படுகிறாளா, தெரியாமலா என்று கேளுங்கள். தெரிந்துதான் என்றால் தடுக்காதீர்கள்.

தனியார்மயம் பற்றி நீங்கள் கேட்டது. தண்டவாளமும் வண்டி ஓட்டுகிற பொறுப்பும் ரயில்வேயிடமே இருக்கின்றன. கன்டெய்னர் ரயில் நடத்த 2006-இல் தனியாருக்கு அனுமதி வந்தது, பொதுவான வேகன்களைக் கம்பெனிகளே வாங்கி விடும் திட்டம் 2018-இல், சரக்கு முனையங்களைத் தனியார் கட்டி நடத்தும் கதி சக்தி திட்டம் 2021 டிசம்பரில். கவனித்தீர்களா, கடைசியாகத் தனியார் வந்ததும் முனைகளுக்குத்தான். இதனால் அரசு வேலை பறிபோகாது, வெளியே புது வேலைதான் வரும். எனக்கு இருக்கிற கவலை வேறு. பிரேக் வேனில் ஆள் செய்கிற கண்காணிப்பில் ஒரு பகுதியை, கடைசி வேகனில் பொருத்தும் ஒரு கருவி செய்துவிடும், ரயில்வே அந்தக் கருவியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலையில் சேர்ந்தவரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், ஆனால் அந்தப் பதவியையே முப்பத்தைந்து வருஷம் நம்பியிருக்கக் கூடாது. சேர்ந்தபின் துறைத்தேர்வு எழுதி மேலே போகும் எண்ணம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

இன்னொரு கவலை நிலக்கரி. ரயில்வே ஏற்றும் டன்னில் கிட்டத்தட்ட பாதி அதுதான். சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக, இன்று இருபத்தொரு வயது ஆகிறவள் நடுவயதுக்கு வரும்போது இந்தப் பாதி என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அதற்குப் பதில் வேறு சரக்கைப் பிடிக்கத்தான் ரயில்வே பாடுபடுகிறது. லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் என்று சரக்குக்கு மட்டுமான இரண்டு பாதை போட்டதும் அதற்காகத்தான். மேற்குப் பாதையில் கன்டெய்னரை இரண்டு அடுக்காக ஏற்றி, மேலே மின்கம்பியும் வைத்து ஓட்டுகிறார்கள். இரண்டில் ஒன்றும் தமிழ்நாட்டைத் தொடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்தப் பாதைகளை நடத்தும் அரசு நிறுவனம் தானே தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது, ஊர் விட்டுப் போகத் தயார் என்றால் பார்க்கலாம். கார்கள் இன்னொரு நல்ல உதாரணம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நாட்டில் தயாராகும் கார்களில் மிகச் சொற்பமே ரயிலில் போயின, இப்போது ஐந்தில் ஒன்றாவது போகிறது. நம் வாலாஜாபாத்திலிருந்தும் காஞ்சிபுரம் பக்கத்துக் கார்கள் வடக்கே போகின்றன.

மகளின் அண்ணன் அமெரிக்காவில் லாஜிஸ்டிக்ஸ் படிக்கலாம் என்று யோசிப்பதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே நிலைமை நேர் எதிர். தண்டவாளமே யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எஃப். போன்ற சரக்குக் கம்பெனிகளுக்குச் சொந்தம், பயணிகள் வண்டி அவர்கள் பாதையில் விருந்தாளி. 1980-இல் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சட்டம் போட்டபின் கொழுத்த லாபம், 100 ரூபாய் வருமானத்துக்குச் செலவு 60, 65 ரூபாய் அளவில்தான். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பகுதி ஆட்களைக் குறைத்து வந்தது. 2015-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வேலைகள் போயின. கம்பெனி லாபத்தைப் பார்த்துக் கடன் வாங்கிப் படிக்கப் போகவேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

சரி, என் யோசனை. மகள் தேர்வுக்குப் படிக்கட்டும், இரண்டு முயற்சி என்று எல்லை வைத்துக்கொள்ளட்டும், ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சேர்த்தே தயாராகட்டும். அந்த இரண்டு வருஷத்தையும் தேர்வுக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரெயில் டிரான்ஸ்போர்ட் அஞ்சல் வழியில் டிப்ளமோ நடத்துகிறது, கன்டெய்னர், பல்வழிப் போக்குவரத்து பற்றிய பாடம் அதில் இருக்கிறது. எம்.பி.ஏ. என்றால் வதோதராவில் இருக்கும் கதி சக்தி மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வீட்டுப் பக்கத்தில் லாஜிஸ்டிக்ஸ் என்று பலகை மாட்டிய ஏதோ ஒரு கல்லூரியில் மூன்று லட்சம் கட்டுவதற்கு முன், போன வருஷம் முடித்தவர்கள் எந்தக் கம்பெனியில் என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று நான்கு பேருடைய போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் கன்டெய்னர் கம்பெனிகள், இருகூர், தண்டையார்பேட்டை போன்ற முனையங்கள், சிமென்ட் ஆலைகளின் போக்குவரத்துப் பிரிவு, துறைமுகங்கள் எல்லாம் ரேக் இன்டென்ட் போடவும் (வேகன் கேட்டுப் பதிவு செய்யவும்) டெமரேஜ் கணக்குப் பார்க்கவும் தெரிந்த ஆளைத் தேடுகின்றன. பி.காம். படித்து, லாரி வாடகைப் பேச்சைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு இது கைவந்த வேலை. உங்கள் மூன்று வண்டிக்கும் கூட்ஸ் ஷெட்டிலிருந்து குடோனுக்கு ஓட்டும் லோடு அவள் மூலம் வரலாம், ரயிலை எதிரியாகப் பார்க்காதீர்கள்.

இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் அவளைக் கூட்ஸ் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு ரேக் வந்து நிற்பதிலிருந்து காலியாகிப் போவது வரை பார்க்கவிடுங்கள், சுமைதூக்குகிற மேஸ்திரியிடமும் அங்கிருக்கும் கமர்ஷியல் கிளார்க்கிடமும் அவளே பேசட்டும். இன்னொன்று, பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் கண் டாக்டரிடம் போங்கள். ரயில் மேலாளர், ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டுக்கும் ஏ-2 மருத்துவத் தகுதி வேண்டும், கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/9 பார்வை, நிறம் பிரித்தறியும் திறனும் சரியாக இருக்க வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய போட்டோவில் அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். எவ்வளவு பவர் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்துத்தான் அடுத்ததைப் பேச முடியும். ஏ-2 கிடைக்காதென்றால் அதே தேர்வில் கண்ணாடியோடு போகக்கூடிய இளநிலைக் கணக்கு உதவியாளர், முதுநிலை கிளார்க் பதவிகளும் இருக்கின்றன, அவற்றுக்குத் தட்டச்சு வேண்டும், இப்போதே சேர்த்துவிடலாம்.