உழைத்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் உழைக்கிற யாரும் பணக்காரர் ஆகலாம் என்கிறார்கள். பிறகு ஏன் அங்கே இவ்வளவு ஏற்றத்தாழ்வு? சமூகவியல் என்ன சொல்கிறது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சம்பளத்தையும் சொத்தையும் முதலில் பிரித்துப் பாருங்கள், சகோதரி. அமெரிக்கக் குடும்பச் சொத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, உச்சியிலுள்ள 1 விழுக்காட்டினர் கையில். கீழ்ப்பாதி மக்களிடம் இருப்பது 3 விழுக்காடுகூட இல்லை.

முக்கியமான வேலைகளுக்குத் திறமைசாலிகள் வரவேண்டுமென்றால் கூடுதல் வெகுமதி வேண்டும், அதனால் ஏற்றத்தாழ்வு தேவைதான் என்று 1945இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டேவிஸ், மூர் இருவரும் எழுதினார்கள். 1953இல் இன்னொரு சமூகவியலாளர் டியூமின் மறுத்தார்: ஏழைப் பிள்ளையின் திறமை வெளிப்படவே வழியில்லையே! நான் டியூமின் பக்கம்தான்.

செபராங் பிறையில் என் அப்பா காலமெல்லாம் பால்மரம் சீவினார். தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு தகரப் பெட்டிகளோடு வெளியே வந்தார். நிலத்தின் விலை எகிறியது. அதில் அவருக்கு ஒரு காசும் இல்லை. உழைப்பில் என்ன குறை?

அமெரிக்காவில் இதில் நிறமும் சேர்ந்துகொண்டது. 1930களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் குதிரைக்கொம்புதான். வீடு வாங்க முடியாத தாத்தா பேரனுக்கு எதை விட்டுப்போவார்? 2022இல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த ஆய்வில், வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (அதாவது, வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 285,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000.

அப்புறம், பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனம். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சும் பழக்கமும் வீட்டிலேயே படிந்துவிடுகின்றன. பள்ளிக்கூடம் அதையே திறமை என்று எடுத்துக்கொள்கிறது.