ஏரியில் விட்ட மீன் என்ன ஆகிறது? – கேள்வி பதில்

உள்நாட்டு மீன்வளத்தில் 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில். வெளியூர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகுவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீன் ஒரு அடி ஆகிவிட்டது. கொல்ல மனசு வரவில்லை சார். பக்கத்து ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

விடாதீர்கள் அம்மா. நன்றாகவே பிழைத்துக்கொள்ளும், கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இது தென் அமெரிக்க ஆற்று மீன். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. வளர்ந்துவிட்டால் நம் விராலோ நீர்க்காகமோ அதை லேசில் விழுங்க முடியாது. ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டைகளைக் காவல் காக்கும். கோடையில் தண்ணீர் இறங்கியதும் கரையின் உட்புறம் போய்ப் பாருங்கள், முழங்கை வரை கை நுழைகிற வளைகள் தெரியும். அந்த இடத்தில் மண் பொலபொலவென்று உதிரும்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு வலியில்லாமல் அதன் உயிரை முடிப்பது, ஏரியில் விடுவதைவிட இரக்கமான காரியம். ஏரியில் இருக்கிற மற்ற மீன்களும் உயிர்கள்தானே.

கேள்வி: ஏரி குத்தகை எடுத்திருக்கிறோம் அண்ணா. வலையில் பாதி அந்த டேங்க் கிளீனர் என்கிற முள் மீன்தான். எவரும் வாங்குவதில்லை. மறுபடி தண்ணீரிலேயே வீசிவிடுகிறோம். வேறு வழி இருக்கிறதா?

உங்கள் வேதனை எனக்குத் தெரியும் தம்பி. ஒரு கோடையில் கரையில் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வலையிலிருந்து இந்த மீனைப் பிரித்தெடுப்பதைப் பார்த்தேன். முதுகு முள்ளும் பக்க முட்களும் விறைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நூல் நாலைந்து சுற்று. இழுத்தால் கை கிழியும். கடைசியில் கத்தியை எடுத்துத் தன் வலையைத் தானே அறுத்தார். ஐந்து மீனுக்கு ஐந்து ஓட்டை. அன்று அவருக்குக் கிடைத்த கெண்டையும் குரவையும் ஒரு அன்னக்கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை. அறுத்தெடுத்த ஐந்தையும் அவரும் தண்ணீரிலேயேதான் வீசினார்.

அது மட்டும் வேண்டாம். வீசியது மறுபடி வளை தோண்டும், முட்டை வைக்கும், உங்கள் வலைக்கே திரும்பி வரும். கரையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள், மட்கினால் தென்னைக்கு நல்ல உரம். அப்படியே தரையில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீருக்கு வெளியேயும் நெடுநேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்தி விலை குறைவு, சதையும் அதிகம். ஏழைகள் சாப்பிடுகிற மீனை ஏன் குறை சொல்கிறீர்கள்?

வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மீனை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-லேயே தடை போட்டுவிட்டது. இன்றும் பண்ணைக் குட்டைகளில் கோழிக்கழிவைக் கொட்டி வளர்க்கிறார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். மழை பெய்து குட்டை வழிந்தால் ஈரத்தரையில் ஊர்ந்தே அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். மீன்குஞ்சு, தவளை, நத்தை என்று வாயில் அகப்பட்டது எதையும் விடாது.

சந்தையில் வெறும் ‘கெளுத்தி’ என்றுதான் சொல்வார்கள். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு சிறியது, அதற்குப் பின்னால் வால் பக்கமாகக் கொழுப்புத் துடுப்பு ஒன்று தனியாக இருக்கும். ஆப்பிரிக்க மீனுக்குத் தலை தட்டையாக, கல் மாதிரி கெட்டியாக இருக்கும். முதுகுத் துடுப்பு ஒரே நீளமாக வால் வரை ஓடும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் ஏமாற மாட்டீர்கள்.

கேள்வி: மிளகாயும் தக்காளியும்கூட வெளிநாட்டிலிருந்து வந்தவைதானே?

ஆமாம். ஆனால் மிளகாய் நம் தோட்டத்தை விட்டுத் தாண்டிப்போய்க் காட்டை மூடவில்லை. மனிதர்கள் உலகெங்கும் புது இடங்களுக்குக் கொண்டுபோன உயிரினங்கள் 37,000-க்கு மேல் என்றும், அவற்றில் 3,500-க்கு மேற்பட்டவை கேடு செய்கின்றன என்றும் 2023-இல் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு சொன்னது. நான் பேசுவது அந்தச் சிறு பங்கைப் பற்றித்தான்.

கேள்வி: கொசுவை ஒழிக்க கம்பூசியா மீன் விடுகிறார்களே, அதுவுமா தப்பு?

மூடிய தொட்டியில் விட்டால் போகட்டும். ஏரி, குளத்தில் வேண்டாம். 1928-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட அமெரிக்க மீன் அது. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்னும். கொசுப்புழு தின்ன நம்மிடமே முண்டக்கண்ணி இருக்கிறது. தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தும். சின்ன வயதில் கையில் ஏந்திப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன். காக்கா ஆழி வந்தபிறகு எங்கள் பெண்கள் இறால் தடவ முடியவில்லை. இதைப் பற்றிப் பேச ஆளே இல்லையா ஐயா?

மீன் பற்றிய பேச்சில் உங்கள் கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது அம்மா. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காக்கா ஆழி தென் அமெரிக்கச் சிப்பி. கப்பல்கள் எடை சமனுக்கு ஏற்றி வந்து துறைமுகத்தில் வெளியேற்றும் நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடிமண்ணைக் கம்பளம் விரித்த மாதிரி மூடிவிட்டது. கீழே இருக்கிற மஞ்சள் மட்டிக்கு மூச்சில்லை, இறால் புதைய மண் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்குக் கையும் காலும் கிழிகின்றன. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். தண்ணீருக்கு மேலே எல்லாம் அழகாகத் தெரிவதால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதலில் காலில் குத்துப்பட்டு, முதலில் சொன்னவர்கள் மீனவர்கள். அப்போதே காது கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: காவிரியில் மகசீர் மீன் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. காவிரிக்கே உரிய மகசீர் ஒன்று உண்டு. கூன் முதுகு, ஆரஞ்சு நிறத் துடுப்பு, 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. உலகத்தில் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் கிடையாது. அது டோர் ரேமாதேவி என்ற இனம்தான் என்று உறுதியானதே 2018-இல். இப்போது மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. மோயாறு பக்கம் மிஞ்சியிருக்கிறது. அணை, மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடிப்பது என்று காரணங்கள் பல. அவற்றோடு, மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்டது வேறொரு மகசீர், நீலத் துடுப்பு உள்ளது. அது பெருகி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விட்ட குஞ்சுகளுக்குக் கணக்கு இருக்கிறது. போன மீனுக்கு ஒருவரிடமும் கணக்கில்லை. தூண்டிலில் மகசீர் மாட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம், எந்த மகசீர் என்று கேட்பாரில்லை. ‘மீன்தானே’ என்ற ஒரு சொல்லில் ஒரு இனமே கண்ணுக்கு முன்னால் கரைகிறது.

கேள்வி: சட்டம் எதுவும் இல்லையா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தலைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கடைத்தொட்டி வரை அது வந்து சேர வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா மீன் சிக்கியது. அது அந்த ஆற்றுக்குத் தானாக நீந்தி வரவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் வைகாசியில் வற்றிவிடும். இளைஞர்கள் 15 பேர் தயாராக இருக்கிறோம். என்ன செய்யலாம் அண்ணா?

குளத்துக்குப் பொறுப்பானவர்களிடமும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் முதலில் சொல்லிவிடுங்கள். முழங்கால் தண்ணீர் இருக்கும்போதே இறங்க வேண்டும். வலையை இழுத்து, விரால், குரவை, அயிரை, ஆரால், உளுவை எல்லாவற்றையும் தண்ணீர் நிறைந்த அண்டாக்களில் எடுத்து உடனே வற்றாத ஆழமான பள்ளத்தில் விடுங்கள். டேங்க் கிளீனரையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தனியாக ஒதுக்குங்கள். கரை வளைகளை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்து மண் போட்டு மிதியுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், நாட்டு மீன்களின் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும். தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.